எரியாத சிவப்பு விளக்கு

காலாண்டு அறிக்கையில் கெட்ட செய்திக்குப் பஞ்சமே இல்லை. புதிதாக ஒரு கடைகூடச் சேரவில்லை. செலவு ஏறியிருந்தது. லாபம் தேய்ந்து நூலாகியிருந்தது. அதையெல்லாம் படித்தபோது கம்பெனியின் கணக்கைப் பார்க்கும் கறாருக்கு முகம் மாறவில்லை. எல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். நல்ல செய்தி இருந்த பக்கத்துக்கு வந்தபோதுதான் மேலே திருப்பாமல் நிறுத்திக்கொண்டாள்.

"வாடிக்கையாளர் புகார்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன" என்று அவள் அண்ணன் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். பச்சை நிறத்தில் வேறு. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. "நமது மென்பொருள் முழுமை பெற்றுவிட்டது. எனவே உதவிப் பிரிவை மூடி, அந்தச் செலவைப் புதிய தயாரிப்புக்குத் திருப்பிவிடுகிறோம்."

வண்டி பழுதுபார்க்கும் கடைகளுக்கு மென்பொருள் செய்து விற்கிற கம்பெனி அது. எந்த வண்டிக்கு என்ன வேலை, என்ன பாகம் மாற்றியது, பில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கடையின் கம்ப்யூட்டரில் தட்டி வைத்துக்கொள்ளலாம். கடைகள் வருடத்துக்கு ஒருமுறை சந்தா கட்டும். அண்ணன்தான் அதைத் தொடங்கியவன். தங்கை கணக்குப் பிரிவின் தலைவி. ஒரு டீ பில்லைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்ப்பாள் என்பதால் கம்பெனியே அவளுக்குக் 'கறார்' என்று பட்டம் கட்டியிருந்தது. முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் 'மேடம்' என்று ஒட்டிக்கொள்வார்கள். அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் ஊழியர்கள் முன்னால் பாப்பா என்று கூப்பிடும் முதலாளியை என்ன செய்வது? அவளும் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அண்ணன் அந்தப் பச்சைப் பக்கத்தைக் காட்டி, உதவிப் பிரிவை மூடுவதற்குச் சம்மதம் வாங்கப்போகிறான். அறிக்கையில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

உதவிப் பிரிவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது ஒரு நீளமான அறை. ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு போன். சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. வாடிக்கையாளர் யாராவது போனில் காத்திருந்தால் அது எரியும். எரிந்தால் கம்பெனியில் யார் கை சும்மா இருந்தாலும், முதலாளியே ஆனாலும், ஓடிவந்து போனை எடுக்க வேண்டும். அண்ணன் ஆரம்ப நாட்களில் வைத்த சட்டம் அது. அந்தக் காலத்தில் விளக்கு அணைந்ததாகச் சரித்திரமே இல்லை. அண்ணன் கையில் சாப்பாட்டோடு ஓடிவந்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "சொல்லுங்கண்ணே" என்பான். மறுமுனையில் கிழிகிழியென்று கிழிப்பார்கள். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுக்கொள்வான்.

இப்போது விளக்கு கருப்பாகக் கிடந்தது. பல மாதங்களாகவே அப்படித்தான். கறாருக்கு முதலில் வந்த சந்தேகம், விளக்கு போயிருக்குமோ என்பதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏணி போட்டு ஏற்றினாள். அவர் கழற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினார்.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு மேடம். யாரும் கூப்பிடல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கறார் அதே இடத்தில் நின்றாள்.

அந்தப் பிரிவின் தலைவியை எல்லோரும் போன் அக்கா என்பார்கள். வந்த நாளிலிருந்து அந்த நாற்காலிதான். குரலைக் கேட்டே எந்தக் கடை என்று சொல்லிவிடுவார். போன் அக்கா கையில் இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் இருந்தன. பக்கத்து மேசைப் பெண்ணிடமும் அப்படியே.

"என்னக்கா இது?"

"ஸ்வெட்டர் மேடம். வேலை இப்ப சொர்க்கமா இருக்கு. முன்னாடியெல்லாம் தண்ணி குடிக்கக்கூட நேரம் இருக்காதே! சார் கெட்டிக்காரர். எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரு."

தன் வேலைக்கே உலை வைக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் அந்த அம்மாள் சாரைப் புகழ்ந்தது கறாருக்கு நெஞ்சைப் பிசைந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, ஒண்ணு பண்ணலாமா? அவங்க கூப்பிடலைன்னா நாம கூப்பிடுவோம். பழைய கடைங்க நாலஞ்சு பேருக்குப் போடுங்க. எப்படிப் போகுதுன்னு கேளுங்க."

போன் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். எல்லாக் கடையிலும் ஒரே பதில். "நல்லா இருக்கு." "அதுக்கென்னங்க, பிரமாதம்." "ஒரு பிரச்சனையும் இல்லை, வச்சிடட்டுங்களா?" போன் அக்காவுக்கு வாயெல்லாம் பல். கறார் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதே ஆட்கள்தான் பில்லில் ஒரு கோடு சாய்ந்தால்கூட ஊரைக் கூட்டுவார்கள். திடீரென்று எல்லோரும் இவ்வளவு மரியாதைக்காரர்களாக எப்போது மாறினார்கள்?

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல், கம்பெனியின் முதல் வாடிக்கையாளர் கடைக்குப் போனாள். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாத நாளில், அண்ணனை நம்பி மென்பொருள் வாங்கிய மெக்கானிக் அவர். அண்ணன் தன் ஒவ்வொரு பேச்சிலும் அவரை இழுக்காமல் விடமாட்டான்.

ஒரு காரைத் தூக்கி நிறுத்தி அதன் அடியில் நின்றுகொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் வெளியே வந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"வாங்க தங்கச்சி! அண்ணன் சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணே. நம்ம சாஃப்ட்வேர் எப்படி ஓடுது?"

"அதுக்கென்ன, தங்கமா ஓடுது." சொல்லிக்கொண்டே மெல்ல நகர்ந்து மூலையில் இருந்த மேசையை மறைத்து நின்றார். ஒல்லியான மனிதர், எவ்வளவு மறைக்க முடியும்? கம்ப்யூட்டர்மேல் பழைய கார் சீட் உறை போர்த்தியிருந்தது. அதன்மேல் ஒரு ஹெல்மெட்டும் நட்டு போல்ட்டு நிறைந்த டப்பாவும். உறைக்கு அடியில் மட்டும் பச்சைப் பொட்டாக ஒரு வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் ஒருவர் பில் கேட்டு வந்தார். மெக்கானிக் நெளிந்தார். வேறு வழியில்லாமல் பையிலிருந்து போனை எடுத்து, வாயருகே வைத்து, "பின்னாடி பிரேக் மாத்தினது, ஆயில் மாத்தினது" என்று முணுமுணுத்தார். திரை முழுக்க ஆரஞ்சு நிறம். போட்டிக் கம்பெனியின் நிறம் அது. இவர்கள் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்வதே இல்லை, ஆரஞ்சு என்றுதான் சொல்வார்கள். வண்டிக்காரர் கையில் இருந்த போனுக்கு பில் போய்ச் சேர்ந்தது.

வண்டிக்காரர் போன பிறகு மெக்கானிக் போனைப் பைக்குள் திணித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி."

"எடுத்துக்கல அண்ணே. நிஜத்தைச் சொல்லுங்க. ஏன்?"

"கையப் பாருங்க." இரண்டு கையையும் நீட்டினார். "உங்க பொட்டியத் தொடணும்னா ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவணும். இதுல வாயால சொன்னா போதும்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. ரெண்டு மூணு தடவை சொன்னேன். பார்க்கறோம் பார்க்கறோம்னாங்க. அப்புறம் எனக்கும் வாய் வலிச்சுப்போச்சு, விட்டுட்டேன். ஆனா உங்கண்ணன் நல்ல மனுஷன். அவர் மனசு நோகக் கூடாதுன்னு சந்தா மட்டும் கட்டிட்டேன். அடுத்த வருஷம்..." மேலே சொல்லாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் ஓடிட்டுத்தானே இருக்கு?"

"அதுலதான் கடை கேமரா பதிவாகுது. அதனால நிறுத்தறதில்ல."

கறார் சீட் உறையின் ஓரத்தைச் சரியாக இழுத்துவிட்டாள். "சரி, ஆரஞ்சு உங்களுக்குத் திருப்தியா இருக்கா?"

மெக்கானிக்கின் குரல் ஏறியது. "எங்க! இலவசம்னு குடுத்துட்டு, என் வாடிக்கையாளருக்கே மெசேஜ் அனுப்பறான், அடுத்த தெருக் கடையில தள்ளுபடின்னு. எவன்கிட்டப் போய்ச் சண்டை போடறது? அந்தக் கம்பெனிக்குப் போன் நம்பரே கிடையாது தங்கச்சி. எழுதி அனுப்பினா நன்றின்னு ஒரு பதில் வரும், அதோட சரி."

போன் நம்பரே கிடையாது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதுவே அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. எதிராளியிடம் இல்லாத ஒரே ஆயுதம் இவர்களிடம் இருக்கிறது. அதைத்தான் அண்ணன் நாளைக்குத் தன் கையாலேயே குப்பையில் போடப்போகிறான். விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயணி திரும்பிப் பார்த்தார்.

தொழில்நுட்பப் பிரிவில் மூளை உட்கார்ந்திருந்தான். மென்பொருளை எழுதியவன் அவன்தான். பட்டம் அவனுக்குப் பொருத்தம், அதை அவனே ஒப்புக்கொள்வான்.

"மூளை, நம்ம கடைங்க எல்லாம் தினமும் உபயோகிக்கறாங்கன்னு அறிக்கையில போட்டிருக்கு. எத வச்சுச் சொல்றோம்?"

"தினமும் கடை மூடற நேரத்துல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் கணக்கை நகல் எடுத்து நமக்கு அனுப்பும் மேடம். நகல் வந்தா அந்தக் கடை உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

"நேத்து வந்த நகலும் அதுக்கு முந்தின நாள் நகலும் வேற வேறயா இருக்கான்னு யாராவது பார்த்திருக்கீங்களா?"

மூளை பழைய நகல்களைத் திரையில் திறந்தான். ஆள் குடியில்லாத வீட்டு வாசலில் பேப்பர்காரர் தினமும் பேப்பர் போட்டுவிட்டுப் போகிற மாதிரி, கடை கடையாக நகல் வந்துகொண்டிருந்திருக்கிறது. உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை. அந்தக் கணக்கைப் போடும் புரோகிராமை எழுதியதற்குத்தான் அவனுக்குப் போன வருடம் கைதட்டல் கிடைத்தது. மதியச் சாப்பாட்டையும் மறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தான். திரையிலிருந்து தலையைத் தூக்கியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பாதிக்கு மேல மேடம். பாதிக்கு மேல யாரும் தொடவே இல்ல."

அவள் நேராக அண்ணன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். பூசி மெழுகவில்லை, அந்தப் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அண்ணன் கேட்கக் கேட்க முகம் சிவந்தான்.

"நாளைக்கு மீட்டிங். இன்னிக்கு வந்து குண்டைத் தூக்கிப் போடற. நீ என் கூடப்பிறந்தவளா, ஆரஞ்சுக்காரன் அனுப்பின ஆளா?"

"கூடப்பிறந்ததாலதான் இங்க வந்து சொல்றேன். அந்தப் பக்கத்த எடு. உதவிப் பிரிவை மூடாதே. இல்லன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"உனக்கு மென்பொருளப் பத்தி என்ன தெரியும்? கணக்க மட்டும் பாரு. இரு, அம்மாகிட்டச் சொல்றேன்."

ஐம்பதை நெருங்கும் ஒரு முதலாளி, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்கு நிஜமாகவே போன் போட்டான். அம்மா முழுசாகக் கேட்டாள். "பாப்பா சொன்னா யோசிக்காமச் சொல்லமாட்டா. நீ சாப்பிட்டியா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கறாருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

"அந்த விளக்கு அணைஞ்ச அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா பாப்பா? அப்பாடா, இனிமே யாரும் என்னத் திட்டமாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் ஒற்றைக் காலில் நின்றாள். "நாளைக்கு நீ அந்தப் பக்கத்துக்கு வந்தா நான் எழுந்து நிப்பேன். சொல்லலன்னு சொல்லாத."

அவன் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் கூட்டத்துக்கு வந்தவர்களில் முடிவு எடுக்கிறவர் ஒரே ஒருவர்தான். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். குரல் எவ்வளவு மெதுவோ, கேள்வி அவ்வளவு கூர்மை. அண்ணன் வருமானம், செலவு என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டு வந்தான். கறார் ஒவ்வொரு பக்கமாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் எடுத்திருப்பான், அந்தப் பக்கத்தை எடுத்திருப்பான் என்று மனம் அடித்துக்கொண்டது.

எடுக்கவில்லை. திரை பச்சையானது.

"வாடிக்கையாளர் புகார்கள்..." என்று தொடங்கியவன் அவள் பக்கம் பார்த்தான். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மன்னிக்கணும். அந்தப் பக்கம் தப்பு."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கைச் சொன்னாள், சீட் உறையைச் சொன்னாள், மாறாத நகல்களைச் சொன்னாள். சந்தா புதுப்பிக்கும் நாள் வரைக்கும்தான் இந்த வருமானம், அதற்கப்புறம் பாதிக் கடைகள் போய்விடும் என்று சொன்னாள். சொல்லி முடித்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனால் மனசு லேசாக இருந்தது.

கண்ணாடி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ ஆரஞ்சை ஜெயிக்கிறதுக்கு உங்களுக்கு வாய்ப்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா? இல்ல, இப்பவே அவங்ககிட்ட வித்துடலாமா?"

"புதுத் தயாரிப்பால ஜெயிக்க முடியாது. அவங்ககிட்ட ஆள்பலம் அதிகம். ஆனா திட்டணும்னாக்கூட அங்க ஆள் கிடையாது. எங்ககிட்ட குரலை வச்சே கடையைக் கண்டுபிடிக்கிற அக்கா இருக்காங்க. அந்த அறையை மூடாதீங்க. அவங்களைக் கடை கடையா அனுப்புவோம். வாயால சொன்னா எழுதிக்கிற மாதிரி பண்ணுவோம். வாடிக்கையாளர் நம்பரை எவனுக்கும் விக்கமாட்டோம்னு எழுதியே குடுப்போம். முடியும்மா. கண்டிப்பா முடியும்."

அந்த அம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

இவள் ஏதோ உளறுகிறாள் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. அண்ணன் வெகுநேரம் திரையையே பார்த்தான். பிறகு அவனே எழுந்து போய் அதை அணைத்தான்.

"என் முதல் வாடிக்கையாளர் கடைக்கு நான் போயே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ நேத்துப் போயிருக்கா. இவ சொல்றதுதான் சரி."

புதிதாக ஒரு காசு கிடையாது, அடுத்த இரண்டு காலாண்டு வரைக்கும்தான் பொறுமை, அதற்குள் கடைகள் திரும்பாவிட்டால் ஆரஞ்சுக்கு விற்றுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. இதற்காவது ஒப்புக்கொண்டார்களே என்று கறார், பச்சைப் பக்கம் நீக்கிய அறிக்கையில் அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு கதை ஆகும். போன் அக்கா ஊசி நூலைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். இத்தனை வருடம் குரலாக மட்டும் தெரிந்த மனிதர்களை முதன்முதலாக நேரில் பார்த்தார். மூளை ஒரு மெக்கானிக் கடையிலேயே பழியாய்க் கிடந்து, வாயால் சொன்னால் எழுதிக்கொள்கிற வசதியை அரைகுறையாக ஒப்பேற்றினான். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், சீட் உறைகளைத் தூக்கித் தூசி தட்டினான். போன இடமெல்லாம் தலையாட்டினார்கள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். கறாருக்கு அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

சிவப்பு விளக்கு எரியவில்லை. முதல் காலாண்டும் முடியப்போகிறது. அவள் தினமும் தன் அறைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு, உதவிப் பிரிவு வழியாகச் சுற்றிப் போய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடலாமா என்றுகூட யோசித்தாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், எல்லோரும் டீ குடிக்கிற நேரம். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் வெவ்வேறு கடைகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் திடீரென்று சிவப்பு.

ஒரு நொடி யாருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அண்ணன்தான் முதலில் சுதாரித்தான். கையில் இருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடிவந்து, காலியாக இருந்த மேசையில் போனை எடுத்தான். அந்தக் குரலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்கீங்க? ஒரு வண்டிக்குச் சொன்னத இன்னொரு வண்டி பில்லுல ஏத்தியிருக்கு! அந்த ஆளு என் சட்டையைப் பிடிக்கிறான்! உங்கள நம்பி அந்த ஆரஞ்சையும் தூக்கிப் போட்டேனே, எனக்கு வேணும்!"

முதல் கடை மெக்கானிக். கறார் வாசலில் நின்று கேட்டாள். ஆரஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டாராம்!

"திட்டுங்கண்ணே" என்றான் அண்ணன், காது வரை சிரித்துக்கொண்டு. "நல்லாத் திட்டுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நானே வந்து சரி பண்ணிக் குடுக்கறேன். வேற என்னல்லாம் சரியில்ல, சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அண்ணன் எழுதிக்கொண்டே போனான். விளக்கு ஏனோ இன்னும் அணையவில்லை. அவன் தலையைத் தூக்கிப் பார்த்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, அறையே அதிரக் கத்தினான்.

"பாப்பா! என்ன வேடிக்கை பார்த்திட்டு நிக்கற? இன்னொருத்தர் காத்திட்டிருக்காரு பாரு. எடு போனை!"

கணக்கு வேலையில் கை ஓயாததால், இத்தனை வருடத்தில் அவள் அந்தப் போனைத் தொட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கண்ணே" என்றாள்.

மறுமுனையில் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே திட்ட ஆரம்பித்தார்.